ஆற்றல் மலிந்த காலம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சங்கராபுரம் போன்ற ஓர் ஊரில் ஒரு குடும்பம் கார் வாங்கும் முடிவுக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. கரும்புப் பணம், மக்காச்சோளப் பணம், பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போன பிள்ளை மாதந்தோறும் அனுப்புவது, வீட்டில் ஒருவருக்கு அரசுச் சம்பளம் இருந்தால் அது என எல்லாம் சேர்ந்து, இரண்டு மூன்று தீபாவளிகள் தள்ளிப்போன பிறகுதான் அந்த வண்டி வாசலுக்கு வருகிறது. ஆகவே அதை வெறும் இயந்திரமாகப் பார்க்க நமக்கு மனம் வருவதில்லை. முழங்கால் வலியோடு பேருந்துப் படியில் ஏறிய ஒரு தாயின் நீண்ட காலம் அதில் இருக்கிறது. மழையில் இருசக்கர வண்டியில் நான்கு பேராக நனைந்துகொண்டு போன ஒரு திருமணப் பயணத்தின் கூச்சமும் இருக்கிறது.

முன்பு அந்த வீட்டில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்? இப்போது இன்னொரு கேள்வியும் கூடவே எழுகிறது: பிக்கப் எப்படி? டர்போ இருக்கிறதா? முதல் கேள்வி பிழைப்பிலிருந்து வருவது. இரண்டாவது கேள்வி வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் எது, அது நம்மிடம் என்ன கேட்கிறது என்பதை நின்று யோசிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அரை நூற்றாண்டுக் காலம் நம் சாலைகளின் அரசனாக இருந்த அம்பாசிடருக்கு 1,489 சிசி எஞ்சின்; சுமார் 50 குதிரைத்திறன். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு ஆலையில் உருவான ஹெரால்ட் அதைவிடச் சிறியது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கைமாறிய மாருதி 800, ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாயில் ஒரு குடும்பத்தை நான்கு சக்கரத்தில் ஏற்றியது. அதன் மூன்று சிலிண்டர் எஞ்சினின் கொள்ளளவு 796 சிசி. இந்த வண்டிகளில் போனவர்கள் வேகத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேசும் தேவையும் இல்லை. ஏற்றம் வந்தால் கியரை இறக்க வேண்டும், நீண்ட ஏற்றம் என்றால் ரேடியேட்டர் கொதிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எதிரே வண்டி வந்தால் ஓவர்டேக் செய்யும் ஆசையைக் கைவிட வேண்டும். இந்தப் பணிவை ஓட்டுபவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. இயந்திரமே கற்பித்தது.

அந்த இயந்திரம் நம் கண்முன் மாறியது. மாற்றத்தின் ஒரு முக்கியமான கண்ணி தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூரில் இருக்கிறது. போர்க்கால விமான ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் கார் பந்தயங்கள் நடந்த நாள்களிலிருந்தே, வண்டியைப் பிரித்து, உள்ளே புகுந்து, அதிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆற்றலைக் கறந்துவிடத் துடித்த ஒரு கூட்டம் கோயம்புத்தூரில் உண்டு. கரிவர்தன் அவர்களில் முதன்மையானவர். 1995-இல் சிறுவிமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத்தளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் களத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் அந்த நகரத்துக்காரர். இதே மரபின் கையிருப்போடு ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் என்ற கோவை நிறுவனம் டாடா மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி என்ற காரைக் கொண்டுவந்தது. பார்வைக்கு அது ஒரு சாதாரண டியாகோதான். ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் பெட்டி வைக்கலாம். உள்ளே இருந்ததோ 114 குதிரைத்திறன் தரும் டர்போ எஞ்சின். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை ஏறத்தாழ பத்து விநாடியில் எட்டிவிடும். ஷோரூம் விலை 6.39 லட்சம்.

அந்த எண்களை ஒரு கணம் சேர்த்துப் பார்க்கலாம். அமைச்சரும் ஆட்சியரும் ஏறிச் சென்ற அம்பாசிடரைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றல், ஒரு பள்ளி ஆசிரியர் கடனில் வாங்கக்கூடிய விலையில். 2020-இல் வந்த பிஎஸ்6 மாசு விதிகளை அந்த வண்டி தாண்டி வரவில்லை, நின்றுபோனது. ஆனால் அது திறந்த கதவு மூடப்படவில்லை. 2021 செப்டம்பரில் ஹூண்டாய் நிறுவனம் ஒரு லிட்டர் டர்போ எஞ்சினோடு 120 குதிரைத்திறன் கொண்ட ஐ20 என் லைனை அறிமுகம் செய்தது. ஹூண்டாயின் ஆலை இருக்கும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் 1990 முதல் பந்தயத்தளமும் இருக்கிறது. இன்று பத்து லட்சத்தை ஒட்டிய விலையில் 120, 130 குதிரைத்திறன் கொண்ட குடும்பக் கார்கள் ஒன்றல்ல, பல. பந்தயக்காரர்கள் தவமிருந்து பெற்றதை நாம் முன்பணம் கட்டிப் பெறுகிறோம்.

இந்த ஆசையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. அதிலே வீண் பெருமை கலந்திருக்கலாம். ஆனால் அது மட்டும் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலையின் வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில், ஐந்து பேரும் மூட்டைமுடிச்சுமாக, ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, ஒரு வளைவில் இழுக்க முடியாமல் திணறும் வண்டி எவ்வளவு அச்சம் தரும் என்பது போனவர்களுக்குத் தெரியும். இருவழிச் சாலையில் பாரம் ஏற்றிய லாரியைக் கடக்கும்போது, எதிர்த்திசைப் பாதையில் நாம் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் கடனாக வாங்கிய விநாடி. இழுவை மிக்க எஞ்சின் அந்தக் கடனைக் குறைக்கிறது. அதோடு, தலைமுறை தலைமுறையாகப் பின்னால் நின்ற மக்களுக்கு, காலின் சிறு அழுத்தத்துக்கு ஒரு பேராற்றல் உடனே பணிந்து எழுவது ஒரு விடுதலையாகவே இருக்கும். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடக்க நேர்ந்தவரின் பேரன் அந்த ஆற்றலை விரும்பினால், அதை ஆடம்பரம் என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆகவே கேள்வி ஆசையைப் பற்றியது அன்று. ஆசை நிறைவேறும்போது கூடவே நம்மை விட்டுப் போவது எது என்பதே கேள்வி.

போவது எல்லை. பழைய வண்டியில் எல்லை வெளியே இருந்தது. எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும், கதவுகள் அதிரும், பின்னால் இருப்பவர் பேசுவது கேட்காது. மனிதன் எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும், எவ்வளவு கோபத்தில் இருந்தாலும், அவனுடைய அவசரத்தையும் கோபத்தையும் இரும்பு தாங்கிக்கொண்டு ஓரளவுக்கு மேல் வெளியே விடாது. புதிய வண்டி அப்படித் தடுப்பதில்லை. நூறில் போகும்போதும் அதற்குள் அமைதி. கண்ணாடி ஏற்றிய அந்த அமைதியில் அறுபதுக்கும் நூறுக்கும் உள்ள வேறுபாட்டைக் காது உணராது, உடல் உணராது. கருவி தன் எல்லையைத் தளர்த்திக்கொண்டபோது அந்த எல்லை மறைந்துவிடவில்லை. அது இடம் மாறி, இரும்பிலிருந்து மனிதனுக்குள் வந்துவிட்டது. வந்து சேர்ந்ததை அவனுக்கு யாரும் அறிவிக்கவில்லை.

பணத்திலும் இதுவே நடந்திருக்கிறது. கையில் காசு இல்லாததே ஒரு காலத்தில் நம் ஆசைக்குப் போதுமான காவலாக இருந்தது. இன்று ஏழு ஆண்டுத் தவணையில் கடன் கிடைக்கிறது. அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் இருந்தால் போதும். ‘மாதம் இவ்வளவுதானே’ என்று கடைக்காரர் சொல்லும் அந்தத் தொகையில் பெட்ரோல் இல்லை, காப்பீடு இல்லை, டயர் இல்லை. மழை பொய்த்த ஆண்டில் ஆலையிலிருந்து கரும்புப் பணம் வர ஆறு மாதம் தாமதமானால் டியூ காத்திருக்காது என்பதும் இல்லை. அடிப்படை வண்டிக்கும் டர்போ வண்டிக்கும் உள்ள விலை வேறுபாடு ஷோரூமில் சின்னதாகத் தெரியும். அதே வேறுபாடு ஒரு பெண் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் இருந்திருக்கக்கூடும். முன்பு வறுமை எழுதிய வரவு செலவுக் கணக்கை இப்போது நாமே எழுத வேண்டியிருக்கிறது.

வலிமையும் செலவும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள் என்பதை நம் முன்னோர் கண்டிருந்தார்கள். திருக்குறளில் வலியறிதல் என்ற அதிகாரத்தின் அமைப்பைப் பாருங்கள். அதன் முற்பகுதி, தன் வலிமையின் அளவு அறியாமல் முனைபவர் இடையில் முறிவதைப் பேசுகிறது. ஏறக்கூடிய உயரத்துக்கு மேல் ஏறினால் உயிருக்கே கேடு என்கிறது. பிற்பகுதி சற்றும் எதிர்பாராத திசையில் திரும்பி, வருவாயின் அளவையும் கொடையின் அளவையும் வாழ்க்கைச் செலவின் அளவையும் பேசத் தொடங்கிவிடுகிறது. படைபலத்துக்கும் வரவு செலவுக்கும் என்ன உறவு என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். உறவு இதுதான்: இரண்டிலும் கேடு வருவது குறைவினால் அல்ல, அளவறியாமையால். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த அதிகாரம் இருப்பது பொருட்பாலில், அரசியலில். அதாவது அது அரசனுக்குச் சொன்னது. தன் விருப்பத்துக்கு உடனே பணியும் பேராற்றல் அன்று அரசனிடம் மட்டுமே இருந்தது. அதனால் அவனுக்கு அமைச்சர் இருந்தார், ஆசான் இருந்தார், இடித்துச் சொல்லும் பெரியோர் இருந்தார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட குதிரைகளின் வலிமை சங்கராபுரத்துச் சந்தில் ஒரு வேப்பமரத்தடியில் நிற்கிறது. அரசனின் ஆற்றல் குடிகளுக்கெல்லாம் வந்துவிட்டது. அரசனுக்கு இருந்த கல்வி வரவில்லை.

அளவறிதல் என்பதை வெறும் உபதேசமாக எண்ணிவிடக் கூடாது. அதற்கு இயற்பியலின் கடுமை உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் வண்டி சுமந்து செல்லும் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் பிடித்த பின் நிற்கத் தேவைப்படும் தூரமும் அதே கணக்கில் நீள்கிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்கைத் தொடுவதற்குள் ஒன்றரை விநாடி போனால், வண்டி 40 மீட்டருக்கு மேல் போய்விட்டிருக்கும். அதற்குப் பிறகுதான் பிரேக் தன் வேலையைத் தொடங்கும். எஞ்சினுக்கு எத்தனை டர்போ பூட்டினாலும் இந்த ஒன்றரை விநாடி குறையாது. அது மனிதனின் அளவு. எந்த ஆலையும் அதை மேம்படுத்தி விற்க முடியாது.

அந்த 40 மீட்டரில் யார் இருக்கிறார்கள்? கல்வியோ செல்வமோ பார்த்துப் பிரிக்கப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கும் கச்சிராயபாளையம் ஆலைக்கும் அரவைப் பருவத்தில் இரவெல்லாம் கரும்பு டிராக்டர்கள் போகும். இரண்டு பக்கமும் தோகை பிதுங்க, பின்விளக்கு இருந்தும் தெரியாமல். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் மக்காச்சோளமும் உளுந்தும் காயும், மீதிப் பாதியில் நாம் எல்லாரும் போவோம். ஆடு மேய்த்துத் திரும்புபவர், டியூஷன் விட்டு மூன்று பேராக மிதிவண்டியில் வரும் பிள்ளைகள், சாலையோரம் நின்று பேசுகிற பெண்கள். நம் சாலை ஒரே நேரத்தில் களமாகவும் திண்ணையாகவும் பாதையாகவும் இருக்கிறது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். இறப்புகளில் 70 விழுக்காட்டுக்கு மேல் அதிவேகத்தோடு தொடர்புடையவை என்கிறது அரசின் அறிக்கை. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. நம் வண்டியின் விலை நமக்குக் கட்டுப்படியாகலாம். அதன் வேகத்துக்கான விலையைக் கட்ட நேர்பவர்கள் பெரும்பாலும் அந்த வண்டியில் ஒரு நாளும் ஏறியிராதவர்கள்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு கார்களுக்கான வேக வரம்பை உயர்த்தியது. விரைவுச் சாலைகளில் 120 வரை போகலாம் என்றது. வண்டித் தொழில்நுட்பம் முன்னேறிவிட்டது, சாலைகள் மேம்பட்டுவிட்டன என்பது சொல்லப்பட்ட காரணம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்தது. சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் தீர்ப்பின் அடியில் ஓர் ஆழ்ந்த கேள்வி கிடப்பதாகவே நான் காண்கிறேன். எஞ்சின் சிறந்துவிட்டது என்பதால் மனிதனும் சிறந்துவிட்டான் என்று ஆகுமா? இன்று விற்கும் எந்தக் காரிலும், 2019 ஜூலை முதல், எண்பதைத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஓர் எச்சரிக்கை ஒலி எழும். அது ஒலிக்கும், தடுக்காது. பழைய வண்டி நடுங்கி நம்மைத் தடுத்தது. புதிய வண்டி மணியடித்துவிட்டு முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறது. அந்த ஒலியை எரிச்சலாகக் கேட்பவர் பலர். எனக்கோ, நம் காலத்தின் முழு நிலையும் அந்தச் சிறு ஒலிக்குள் அடங்கியிருப்பதாகப் படுகிறது: இனி உன்னைத் தடுக்க எதுவும் இல்லை, சொல்ல மட்டுமே முடியும் என்று உலகம் மனிதனிடம் சொல்லும் நிலை.

கல்வராயன் மலை இங்கே நம் சிந்தனையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோகிறது. விடுமுறை நாளில் அருவியைப் பார்க்கவும் வளைவுகளில் வண்டியின் திறனைச் சோதிக்கவும் கீழேயிருந்து நாம் அங்கே ஏறிப் போகிறோம். அந்த மலையில்தான் சாலையே சரியாக எட்டாத சிற்றூர்கள் இருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோன பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றிய வழக்கை எடுத்தது. சாலை, மருத்துவம், பள்ளி, போக்குவரத்து என்ற அடிப்படைக் கேள்விகள் அங்கே எழுந்தன. நூறை எட்டப் பத்து விநாடி போதும் என்று வியக்கும் நாமும், பிரசவ வலி கண்ட பெண்ணைப் பாதை வரை கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்று எண்ணும் அவர்களும் ஒரே மாவட்டத்தில், ஒரே மலையின் மேலும் கீழும் வாழ்கிறோம். ஒருவன் தன் வண்டியின் ஆற்றலைத் தன் பணத்தில் வாங்கலாம். அந்த ஆற்றல் உருண்டு ஓடும் சாலையை எவனும் தனியாக வாங்க முடியாது. அது ஆயிரமாயிரம் பேர் கொடுத்த வரியிலும் உழைப்பிலும் விட்டுக்கொடுத்த நிலத்திலும் ஆனது. பொதுவில் நின்றுகொண்டுதான் தனியாற்றல் தன்னைக் காட்ட முடிகிறது; ஆகவே பொதுவுக்கு அது எந்நேரமும் கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனுக்கு ஏழு ஆண்டில் முடியும் தவணை இல்லை.

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மனித வரலாறு நெடுகிலும் ஆற்றல் அரிதாக இருந்ததால், அடக்கம் என்பது பெரும்பாலோருக்கு ஒரு தேர்வாக இருந்ததில்லை. அது நிலைமையாகவே இருந்தது. இல்லாமையால் அடங்கியிருந்தவனையும் அறிந்து அடங்கியவனையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒருசிலருக்கு மட்டுமே வாய்த்தது. இப்போதுதான், சிற்றூர்களிலும், நடுத்தர வீடுகளிலும், கடனில் வாங்கிய ஒரு காரின் வடிவிலும், கையடக்கப் பேசியின் வடிவிலும், விரல் தொட்டால் பணம் போகும் வசதியின் வடிவிலும், ஆற்றல் எல்லார் கையிலும் மலிந்து வந்து சேரும்போது, அந்தச் சோதனை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாளும் நடக்கத் தொடங்கியிருக்கிறது; வெளியே இருந்த வேலிகளெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்த பிறகு, தன் அளவைத் தானே வரைந்துகொண்டு, அந்த வரைக்குள் நிற்பதைக் குறையாக எண்ணாமல் தன் முழுமையாக எண்ணக்கூடிய ஒருவனிடமே, அந்த ஆற்றல் ஆற்றலாக இருக்கிறது; மற்றவனிடம் அது அவனையும் இழுத்துக்கொண்டு ஓடும் வெறும் விசையாகி விடுகிறது.

குடும்பக் கார் என்பதில்தான் இதன் முழு எடையும் இறங்குகிறது. பந்தயக்காரன் தலைக்கவசம் அணிந்து, தனியாக, எதிரே யாரும் வராத தளத்தில் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கிறான். நாம் ஓட்டும்போது பின்னால் தாய் கண்ணயர்ந்திருப்பாள். மனைவியோ கணவரோ பக்கத்தில் இருப்பார். பிள்ளைகள் ஜன்னலில் முகம் வைத்திருப்பார்கள். அவர்கள் யாரும் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, நம்மைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இருளில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால், கடந்துவிட முடியும் என்று எஞ்சின் உறுமும்போது, வளைவு முடியட்டும் என்று நாம் பொறுத்திருக்கும் அந்த அரை நிமிடத்தை அவர்கள் பாராட்டப் போவதில்லை. பெரும்பாலும் கவனிக்கவே மாட்டார்கள்.

பிள்ளைகள் மட்டும் கவனிப்பார்கள். வெட்டி நுழைந்தவனுக்கு நாம் எப்படிப் பதில் சொன்னோம், எதிரே வருபவருக்கு ஹெட்லைட்டை இறக்கினோமா, தெருவில் நடந்து வந்த முதியவருக்காக நின்றோமா, டியூ தேதி வரும் வாரத்தில் வீட்டில் என்ன குரலில் பேசினோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பதினெட்டு நிறையும்போது மகனோ மகளோ ஓட்டுநர் பள்ளிக்குப் போய், எச் போட்டுக் காட்டி, உரிமம் வாங்கி வந்து, நம் கையிலிருந்து அந்தச் சாவியை வாங்குவார்கள். கியரும் கிளட்சும் அந்தப் பள்ளி சொல்லிக்கொடுத்திருக்கும். மற்றதை அவர்கள் பத்து ஆண்டுகளாகப் பின்னிருக்கையில் உட்கார்ந்து கற்று முடித்திருப்பார்கள்.